செவ்வரத்தை இதழின் கரை ஏன் கறுக்கிறது?

சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சுகமில்லாத சிநேகிதிகளுக்கென்று உள்ளங்கை அளவு அட்டைகளில் செவ்வரத்தையும் பனையும் கீறிக் கொடுப்பாராம். வோட்டர் கலர் பூசும்போது இதழ் ஒரே சீராகத்தான் இருக்கிறது, காய்ந்த பிறகு பார்த்தால் சுற்றிவர கடும் நிறத்தில் மெல்லிய கரை ஒன்று. அதைக் கண்ட அம்மம்மா, "இதென்ன மரண அறிவித்தல் மாதிரி, வருத்தக்காரப் பிள்ளைக்கு இதைக் குடுக்காதை" என்று சொல்லிவிட்டாராம்.

அம்மம்மாவின் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். கறுப்புக் கரை போட்டு அறிவித்தல் அடிப்பது அச்சகத்து வழக்கம், அதைப் பார்த்து எந்த நோயும் கூடிவிடாது, அட்டையைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்தக் கரை எப்படி வருகிறது என்ற கேள்வி இருக்கிறதே, அது அருமையான கேள்வி.

வோட்டர் கலர் என்பது நிறத்தூளும் அரபிப் பிசினும்தான், தண்ணீர் நாங்கள் சேர்ப்பது. அந்தத் தூள் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. தண்ணீர் போனதும் பிசின் தூளைத் தாளோடு ஒட்டிவிடும். இதெல்லாம் தெரிந்ததுதான். இனி ஒரு துளியை மட்டும் பாருங்கள்.

தாளில் வைத்த துளி காயும்போது உள்நோக்கிச் சுருங்க வேண்டும், இல்லையா? சுருங்காது. தாளின் சொரசொரப்பில் துளியின் விளிம்பு சிக்கிக்கொள்கிறது. அகலம் மாறாமல் உயரம் மட்டும் குறைகிறது. விளிம்பில் தண்ணீர் மிக மெல்லியது, போதாததற்கு ஆவி வெளியேற அங்கே இடம் அதிகம் என்பதால் நடுவை விட வேகமாகக் காய்கிறது. ஆனாலும் விளிம்பு நகர முடியாது. அப்படியென்றால் அங்கே போன தண்ணீரை யாராவது நிரப்ப வேண்டும், நிரப்புவது நடுவிலுள்ள தண்ணீர். கண்ணுக்கு அசையாமல் கிடக்கும் அந்தச் சொட்டுக்குள் நடுவிலிருந்து கரையை நோக்கி ஓயாமல் ஓர் ஓட்டம் நடக்கிறது, தூளையும் அள்ளிக்கொண்டு போய்க் கரையில் கொட்டுகிறது, கொட்டிய தூள் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

மேசையில் சிந்திய கோப்பி வளையமாகக் காய்வதும் இதேதான். 1997இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ரொபேட் டீகனும் சிட்னி நாகெலும் வேறு சிலரும் சேர்ந்து இதை விளக்கி 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது: துளியை மூடியால் மூடி, நடுவுக்கு நேர் மேலே மட்டும் சின்னத் துளை விட்டார்கள். ஆவி நடுவால் போனது, வளையம் விழவில்லை!

இன்னொன்றும் உண்டு. துளி தட்டையாகத் தட்டையாக ஓட்டம் வேகம் பிடிக்கிறது, ஏனென்றால் கரைக்குத் தேவையான தண்ணீர் குறையவில்லை, அது போகும் வழிதான் ஒடுங்கிவிட்டது. ஒரே அளவான நுண்மணிகளைத் துளியில் கலந்து பார்த்தால், முதலில் வந்தவை கரையில் வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருக்கும், பிந்தி வந்தவை கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்த சனம் மாதிரி கண்டபடி நெரிந்து கிடக்கும். ஒரு மில்லிமீற்றர் கூட அகலமில்லாத கரைக்குள் இத்தனையும்.

கோப்பிக் கறையை ஆராயப் பணம் தாருங்கள் என்று எங்கள் நாட்டில் ஒருவர் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? படிவத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமலேயே அவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். இங்க்ஜெட் அச்சுக்காரருக்கும் மின்சுற்றுகளை மையால் அச்சிடுபவர்களுக்கும் இந்த வளையம் பெரிய தலையிடி, அவர்களுக்கு அந்த ஆய்வு வேண்டியிருந்தது. 2011இல் பென்சில்வேனியாவில் உருண்டை மணிகளை இழுத்து நீட்டிப் போட்டுப் பார்த்தார்கள். நீண்ட மணிகள் நீரின் மேற்பரப்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றதால் கரைக்குப் போகாமல் பரவலாகப் படிந்தன.

சரி, கரை வேண்டாம் என்றால் என்ன செய்வது? இதழைத் தாண்டியும் தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு நிறத்தை வையுங்கள், சிக்கிக்கொள்ள விளிம்பே இருக்காது. அல்லது நிறம் பூசியதும் ஓரத்தில் திரண்டு நிற்கும் நீரைப் பிழிந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தொடாதீர்கள், புதுத் தண்ணீர் பழைய தூளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கோவா மாதிரி நெளிந்த தடம் போடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இதற்குத் தோதில்லை. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல், கேத்தலுக்குள் படியும் வெள்ளை கடும் நிறத்தின் மேலும் மெல்லியதாகப் படியலாம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

என்னைக் கேட்டால் செவ்வரத்தைக்கு அந்தக் கரையை விட்டுவிடுவேன். தூரிகையால் கீறி வராத மெல்லிய கோடு அது, இதழுக்கு உயிர் கொடுக்கும். வானத்துக்கு வேறு விளையாட்டு இருக்கிறது: ஈர நிறத்தின் மினுமினுப்பு மங்கத் தொடங்கும் நேரம் நாலைந்து ஆனையிறவு உப்புக் கல்லைத் தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் சுற்றியிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க, தூளும் இடம் மாறி, வெளிறிய நட்சத்திரங்கள் விழும். முழுதாகக் காய்ந்த பிறகு உப்பை ஒன்றும் மிச்சமில்லாமல் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழைக்கு அது ஈரத்தை இழுத்து அட்டையைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.