பிடிடி: பட்டம் முடித்தவர்களுக்கான அரசாங்க வேலை, ஆள் பிடிக்காமல்

டிகிரி முடித்த பிள்ளைக்கு அரசாங்க வேலை வேண்டுமென்றால், மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பலரும் முதலில் தேடுவது ஓர் ஆளைத்தான். கட்சிக்காரர், மக்கள் பிரதிநிதியான ஒய்பியின் உதவியாளர், பொதுச் சேவைத் துறையான ஜேபிஏவில் யாரையோ தெரியும் என்று சொல்லும் பழைய நண்பர். பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ வழியாக ஆள் எடுக்கும் பதவிகளுக்கு இந்த ஓட்டம் தேவையே இல்லை. எஸ்பிஏவுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "உள்ளே பேசி முடித்துத் தருகிறேன்" என்று ஆயிரம் இரண்டாயிரம் ரிங்கிட் கேட்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

பட்டதாரிகளுக்கு எஸ்பிஏ திறக்கும் வாசல்களில் பெரியது பிடிடி, அதாவது நிர்வாக, அரசதந்திர அதிகாரி பதவி. அமைச்சுகள், கருவூலம், வெளிநாடுகளில் உள்ள தூதரகங்கள் என்று நாட்டின் நிர்வாகத்தை நடத்துவது இந்தப் பிரிவுதான். இதன் தரத்தை முன்பு எம்41 என்று சொன்னார்கள். 2024 டிசம்பர் 1-இல் எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பள முறை வந்தபின் அது எம்9 ஆகிவிட்டது. பழைய விளம்பரத்தையும் புதிய விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துக் குழம்ப வேண்டாம், பதவி ஒன்றே. எந்தத் துறையில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வேதியியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள்.

பெற்றோர் "எந்த கோர்ஸ் எடுத்தால் அரசாங்க வேலை?" என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி பாரம் ஐந்திலேயே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு எழுதும் எஸ்பிஎம் தேர்வில், மலாய்மொழிப் பாடத்தில் கிரெடிட் இருக்கிறதா? கிரெடிட் என்றால் குறைந்தது சி. டி, இ இரண்டும் தேர்ச்சிதான், ஆனால் கிரெடிட் ஆகாது. எஸ்பிஎம் சான்றிதழ் கையில் இருக்கும், பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்திருக்கலாம், முதல் வகுப்பில் பட்டமும் வாங்கியிருக்கலாம். மலாய்மொழியில் டி என்றால் பிடிடி விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பு வழியாக மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் சிலருக்கு இங்குதான் கால் இடறுகிறது. கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் அனுப்புகிறோம், மலாய்மொழிக் கட்டுரைக்கு அனுப்புகிறோமா?

கிரெடிட் இல்லாமல் பட்டம் வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். இருபத்தைந்து வயதில் மறுபடி எஸ்பிஎம் எழுதுவதா என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு. ஒரு காலை நேர வெட்கத்துக்காக ஒரு தொழில் வாழ்க்கையையே விடலாமா?

தனியார் கல்லூரியில் படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் படிப்புக்கு, மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் அங்கீகாரம் உள்ளதா என்று அந்த அமைப்பின் பதிவேட்டில் தேடலாம். அரசாங்க வேலைக்கு எந்தெந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பதைக் காட்ட ஜேபிஏ இசிஸ்ராஃப் என்ற இணைய வசதியை வைத்திருக்கிறது. பிடிபிடிஎன் என்ற உயர்கல்விக் கடன் எடுக்குமுன் பார்ப்பது நல்லது, எடுத்தபின் பார்த்துப் பயன் குறைவு.

விண்ணப்பம் முழுக்க எஸ்பிஏ இணையத்தளத்தில்தான். பிடிடி விளம்பரத்துக்கு நிலையான தேதி கிடையாது. வந்தாலும் சில நாட்களே திறந்திருக்கும், ஆகையால் சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். அடிக்கடி திறக்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். தேர்வு அழைப்பு மறந்துபோன பழைய முகவரிக்குப் போய்விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

அடுத்து எழுத்துத் தேர்வு. பொது அறிவு, சிக்கல் தீர்க்கும் திறன், மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதும் திறன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பொது அறிவுக்கு ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்து பயனில்லை. கூட்டரசு அரசியலமைப்பு, 1970-இல் பிரகடனம் செய்த தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா, 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது மலேசியத் திட்டம், ஆண்டுதோறும் வரும் பட்ஜெட் போன்றவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தினமும் ஒரு மலாய் நாளிதழின் தலையங்கத்தைப் படித்து வந்தால் மொழியும் கைவசமாகும், நடப்பும் தெரியும்.

அதில் தேறினால் பிஏசி என்ற மதிப்பீட்டு முகாம். குழு விவாதம், மேடைப் பேச்சு, உடற்தகுதி. வகுப்பில் வாய் திறக்காத கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்குதான் பின்தங்குகிறார்கள். இளைஞர் மணிமன்றக் கூட்டத்திலோ கோயில் நிர்வாகக் கூட்டத்திலோ எழுந்து நான்கு வார்த்தை பேசிப் பழகியவருக்கு அது கைகொடுக்கும், மலாயிலும் பேசிப் பழகினால் இன்னும் நல்லது. அதன்பிறகு எஸ்பிஏவின் நேர்முகத் தேர்வு.

"நம்ம ஆளுங்களுக்குக் கிடைக்குமா?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் பொதுச் சேவையில் நியாயமான அளவு இடங்களை ஒதுக்க வழி செய்கிறது. 136-ஆவது பிரிவு, கூட்டரசின் சேவையில் ஒரே தரத்தில் உள்ளவர்களை இனம் பார்க்காமல் நடத்த வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. போட்டி கடினம், உண்மை. ஆனால் விண்ணப்பிக்காதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

தேர்வானவர்களுக்கு அரசாங்க ஊழியர் பயிற்சிக் கழகமான இந்தானில் பயிற்சி உண்டு, அதன் தலைமை வளாகம் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில். பிறகு எங்கு அனுப்பினாலும் போக வேண்டும். புத்ராஜெயாவாக இருக்கலாம், சபாவாக இருக்கலாம். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்று வீட்டில் பேச்சு எழுவதற்குள், விண்ணப்பிக்கும்போதே அம்மா அப்பாவிடம் சொல்லி வைப்பது நல்லது.

பென்ஷனை நம்பி வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பழைய ஓய்வூதிய முறை இல்லை. தனியார் துறை போலவே சேமநிதியான இபிஎஃப், சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தாதான். அப்பா காலத்துக் கணக்கைப் பிள்ளைக்குப் போட முடியாது.

பிடிடி ஒத்துவராதென்றால் சுங்கத்துறை, குடிநுழைவுத்துறை, சமூகநலத்துறை, தொழிலாளர் துறை ஆகியவற்றிலும் பட்டதாரி அதிகாரி பதவிகளுக்கு எஸ்பிஏ ஆள் எடுக்கிறது. ஆசிரியர் வேலைக்கு எஸ்பிபி என்ற தனி ஆணையம். 2021-இல் தொடங்கிய மைஸ்டெப் என்ற அரசாங்கத் திட்டம் தருவது குறுகிய கால ஒப்பந்த வேலைதான். அதில் அலுவலக அனுபவம் கிடைக்கும், நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்போதும் எஸ்பிஏ விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.