பட்டறைக் கைக்கு எந்த வாட்ச்?

வாட்ச் வாங்க வருபவர்கள் முதலில் டயலைத்தான் பார்க்கிறார்கள். கோல்டா, சில்வரா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரிப்பேருக்கு வருவதைத் திறந்து பார்த்தால் மிஷின் கெட்டு நின்றதைவிட காந்தமும் தண்ணீரும் வேர்வையும் கெடுத்ததே கண்ணில் படும். அந்தக் கை நாளெல்லாம் என்ன வேலை செய்கிறது என்று வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

கோவைப் பக்கம் காந்தத்துக்குப் பஞ்சமில்லை. மோட்டார் பம்ப் கம்பெனி, வெல்டிங் கேபிள், சர்ஃபேஸ் கிரைண்டரில் இரும்பைப் பிடித்து வைக்கும் காந்தச் சக் என எங்கும் இருக்கிறது. சாவி கொடுக்கிற வாட்ச்சுக்கும், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்குக்கும் உயிர், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தோடு சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங். 1675இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் அதை வாட்ச்சுக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பெரும்பாலான வாட்ச்சுகளில் மணி முள் மட்டும்தான் இருந்தது. ஓட்டம் அவ்வளவு முன்பின்னாக இருந்ததால் நிமிட முள் வைத்துப் பயனில்லை. இந்த ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகி வாட்ச் வேகமாக ஓடும்.

சாதாரண விலை ஆட்டோமேட்டிக் ஒரு நாளைக்கு 20, 30 நொடி கூடக்குறைய ஓடுவது இயல்பு. நேற்று வரை சரியாக ஓடியது இன்று பல நிமிடம் முந்தினால் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். போனில் திசைகாட்டியைத் திறந்து வாட்ச்சை மெல்லப் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள் பலமாகத் திரும்பினால் அநேகமாக அதுதான். காந்தம் எடுக்கும் பெட்டி நல்ல ரிப்பேர் கடைகளில் இருக்கும். பட்டனை அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாக ஒரு கை தூரம் விலக்கி, அதன் பிறகுதான் பட்டனை விட வேண்டும். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் மறுபடி ஏறிக்கொள்ளும். ஒரு நிமிட வேலை. “ஃபுல் சர்வீஸ் போடணும்” என்று சொன்னால், முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச் வேறு ரகம். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ விற்பனைக்கு விட்ட அஸ்ட்ரான்தான் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு கார் வாங்கும் காசு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் இன்றைய வாட்ச்சுகளில் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சர்க்யூட் அதை 15 முறை பாதி பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரை ஒரு படி நகர்த்தும். காந்தத்தின் அருகே அந்த மோட்டார் நின்றுபோகும், விலகினால் ஓடும். நேரத்தைத் திருத்தினால் போதும். முள்ளே இல்லாத டிஜிட்டலுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 1989இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ 21 கிராம்தான். பட்டறைக்கு அதைவிடக் காசுக்கு ஏற்ற வாட்ச் எங்களுக்குத் தெரியவில்லை.

லேத்தில் நிற்பவர் எந்த வாட்ச்சானாலும் கழற்றிவிட வேண்டும். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கும் ஒன்று: பேட்டரியில் கை வைக்கும் முன் ஸ்டீல் செயினைக் கழற்றுங்கள். டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே செயின் பட்டால் ஷார்ட் ஆகி நொடியில் பழுத்து மணிக்கட்டைச் சுட்டுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் எழுத்தை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். ‘30 மீட்டர்’ என்றால் 30 மீட்டர் ஆழம் இறங்கலாம் என்பதல்ல. புது வாட்ச்சை அசையாத தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த கணக்கு அது. அது மழைக்கும் முகம் கழுவுவதற்கும்தான். கிணற்றில் குதிக்க, கீழ்பவானி வாய்க்காலில் நீந்த 100 மீட்டர் பார்த்து வாங்குங்கள். அதுவும் பின்மூடியிலும் சாவிக் குமிழிலும் இருக்கும் ரப்பர் வளையம் நன்றாக இருக்கும் வரைதான். சோப்பும் வெந்நீரும் அந்த வளையத்தின் எதிரிகள். செல் மாற்றும்போது வளையம் முறுக்கிக்கொண்டு மூடியில் நசுங்கினால், மறுநாளே கண்ணாடிக்குள் பனி கட்டும். அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை. அன்றைக்கே திறந்து காயவைத்தால் தப்பும். உப்புத் தண்ணீர் தங்கினால் குவார்ட்ஸ் மோட்டாரில் சுற்றியிருக்கும், தலைமுடியை விட மெல்லிய காயில் கம்பி அரித்துப்போகும்.

திருப்பூர் சாயப்பட்டறை வேலைக்கு கோல்ட் பிளேட்டிங்கும் தோல் ஸ்ட்ராப்பும் ஆகவே ஆகாது. தோல் சாயத்தைக் குடிக்கும். உப்பும் வேர்வையும் சேர்ந்து பிளேட்டிங்கை உரிக்கும். பிளாஸ்டிக் உடம்பு, ரப்பர் பட்டை போதும்.

பழைய எச்.எம்.டி. மோகம் இப்போது கூடியிருக்கிறது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் பிறந்த வாட்ச் அது. ஆனால் ஆன்லைனில் பளபளவென்று ஆரஞ்சு, பச்சை டயலில் வரும் ‘ஜனதா’ என்ற எச்.எம்.டி. மாடல் பெரும்பாலும் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்தது. தாத்தா கட்டிய வாட்ச் வீட்டில் இருந்தால் அதையே சர்வீஸ் செய்வது மேல்.

நொடிமுள் இரண்டு இரண்டு நொடியாகத் தாவினால் பழுதல்ல. செல் தீரப்போகிறது என்ற அறிவிப்பு. செல்லின் மேல் ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்கும் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு கேளுங்கள். ‘எல்.ஆர்.’ அல்கலைன் விலை குறைவு, கசிவது சீக்கிரம். மாப்பிள்ளைச் சீரில் வந்து பீரோவில் நின்றுபோய்க் கிடக்கும் வாட்ச் இருந்தால், செல்லை இந்த வாரமே கழற்றச் சொல்லுங்கள்.