வினையூக்கிப் படுகையை எத்தனை முறை திறக்கிறீர்கள்?

நிலக்கரியை வாயுவாக்கும்போது கார்பன் மோனாக்சைடோடும் ஹைட்ரஜனோடும் தாரும் சேர்ந்தே வருகிறது. சூடாக இருக்கும்வரை ஆவியாய்ப் போய்க்கொண்டிருக்கும் இந்தத் தார், குழாய் குளிர்ந்த இடத்தில் பாகுபோல் படிந்து வால்வுகளை இறுக்கிவிடும். நீரால் கழுவி நீக்கினாலோ ஃபீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த கழிவுநீர் நம் தலையில் விழும். நீராவியோடு சேர்த்து 800 முதல் 900 டிகிரி செல்சியஸில், வினையூக்கிச் சிற்றுருளைகளை (பெல்லட்டுகளை) நிரப்பிய படுகை வழியே அனுப்பினால், தாரே தொகுப்பு வாயுவாக, அதாவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவையாக, மாறிவிடுகிறது. தாரில் உள்ள டொலுவீனின் ஒரு மூலக்கூறு 7 நீர் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, 7 கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளையும் 11 ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் தருகிறது.

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) என்ற தாங்கியின் மேல் நுண்துகள்களாக ஏற்றிய நிக்கல் இதை மலிவாகச் செய்கிறது என்பது உண்மை. எத்தனை நாள் செய்கிறது என்பதே கேள்வி. சிலிண்டர் வாயுவில் டொலுவீனைக் கலந்து சோதித்தபோது எங்களை மகிழ்வித்த ஒரு மாதிரியை, உண்மையான நிலக்கரி வாயுவில் ஓட்டினோம். சில நாட்களிலேயே படுகை அடைபடுவதைக் காட்டும் அழுத்த வேறுபாடு ஏறத் தொடங்கியது. குளிர்வித்துத் திறந்து பார்த்தால், மேலடுக்கு பெல்லட்டுகள் கையுறை விரல்களுக்கிடையில் கரித்தூளாக உதிர்ந்தன. கீழடுக்கோ போட்டபடியே கெட்டியாக இருந்தது.

உதிர்த்தது இழைக்கரி. நிக்கல் துகளின் அடியில் வளரும் இந்த இழை, துகளைத் தாங்கியிலிருந்து பெயர்த்துத் தூக்குகிறது. நுண்துளைக்குள் வளர்ந்தால் பெல்லட்டையே பிளக்கிறது. இதற்குப் பதில் நிக்கலைக் கூட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு; நிக்கலைக் கூட்டினால் துகள் பெரிதாகும், துகள் பெரிதாகப் பெரிதாகக் கரியும் கூடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. கந்தகம் இன்னும் வஞ்சகமானது. ஹைட்ரஜன் சல்பைடு மிகச் சிறிய அளவில் இருந்தாலும் நிக்கலின் மேற்பரப்பை மூடிவிடும். வெப்பத்தை ஏற்றினால் கந்தகம் ஓரளவு விலகும். ஆனால் நிக்கல் 1455 டிகிரியில்தான் உருகும் என்றாலும், ஏறத்தாழ 590 டிகிரியிலேயே அதன் அணுக்கள் நகரத் தொடங்கித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. மெக்னீசியம் அலுமினேட் தாங்கியும் சிறிதளவு சீரியாவும் (சீரியம் ஆக்சைடு) இந்த இழுபறியைத் தணிக்கின்றன, தீர்ப்பதில்லை. இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 சதவீதத்துக்கும் மேல் இருப்பது வழக்கமாதலால், தூசியை முன்னதாகவே வடிகட்டாத ஆலையில் எந்த வினையூக்கியும் நெடுநாள் தாங்காது.

வினையூக்கியின் ஆயுளைப் பலரும் செலவுக் கணக்காகவே பார்க்கிறார்கள். படுகை கெடும் ஒவ்வொரு முறையும் அதைக் குளிர்வித்துத் திறப்பவர் ஒரு தொழிலாளி. ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சந்தித்தால் நிக்கல் கார்போனைல் உருவாகலாம். 43 டிகிரியிலேயே கொதித்துவிடும் இந்தக் கொடிய நஞ்சு, மூச்சோடு உள்ளே போனால் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலைத் தாக்கும். ஆகவே படுகை 200 டிகிரிக்கு இறங்கும் முன்பே நைட்ரஜனால் கார்பன் மோனாக்சைடை முழுவதும் வெளியேற்றுகிறோம். ஒடுக்கப்பட்ட, அதாவது ஆக்சிஜன் நீங்கி உலோகமாக இருக்கும் நிக்கல் காற்றில் தானாகவே தீப்பற்றும் என்பதால், நைட்ரஜனில் காற்றைச் சிறுகச் சிறுகக் கலந்து அதை ஆக்சைடாக்குகிறோம். அப்போது படுகையின் வெப்பமானி ஏறாமல் நின்றால்தான் மூடியின் முதல் போல்ட்டைத் தளர்த்துகிறோம்.