36 சதவீதத்தில் ஒரு வெற்றி: சிகாகோவில் ஓட்டு பிரிந்த கணக்கு

1983 பிப்ரவரி 22 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி நடந்தது. 1931 முதல் அந்த ஊரில் வேறு கட்சிக்காரர் மேயரானதில்லை. அதனால் பிரைமரியில் ஜெயித்தாலே மேயர் ஆன மாதிரிதான். போட்டியில் முக்கியமானவர்கள் மூன்று பேர்: பதவியில் இருந்த மேயர் ஜேன் பர்ன், முன்னாள் மேயரின் மகன் ரிச்சர்ட் எம். டேலி, கறுப்பினத்தவரான நாடாளுமன்ற உறுப்பினர் ஹரோல்ட் வாஷிங்டன். வாஷிங்டனுக்கு ஏறத்தாழ 36 சதவீதம், பர்னுக்கு 34, டேலிக்கு 30.

‘வெள்ளையர் ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால்தான் வாஷிங்டன் ஜெயித்தார்’ என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேலி நிற்கவில்லை என்று வையுங்கள். அவருடைய 30-இல் 16 பர்னுக்கும் 14 வாஷிங்டனுக்கும் போனால் இருவரும் 50-க்கு 50. அதாவது டேலி ஆதரவாளர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பர்ன் பக்கம் சாய்ந்தாலே முடிவு மாறியிருக்கும். சாய்ந்திருப்பார்களா? வாக்குச்சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சீட்டு ‘உங்களுக்கு யார் வேண்டும்?’ என்று மட்டும் கேட்கிறது, ‘அவர் இல்லாவிட்டால் யார்?’ என்று கேட்பதில்லை. யார் அதிகம் வாங்கினாரோ அவரே வெற்றி என்ற முறையின் அடிப்படைக் கோளாறு இதுதான். ஓட்டு பிரிவதெல்லாம் இதன் விளைவு.

18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் காண்டோர்சே இதற்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொரு வேட்பாளரையும் மற்றவர்களுடன் தனித்தனியாக மோதவிட்டுப் பாருங்கள். எல்லோரையும் நேருக்கு நேர் வெல்பவர் இருந்தால் அவரே மக்களின் தேர்வு.

கோட்பாடு தெரியாவிட்டாலும் கணக்கு தெரிந்தவர்கள் சிகாகோவில் இருந்தார்கள். பர்னை ஆதரித்த கட்சித் தலைவர் எட்வர்ட் வ்ர்டோலியாக், தேர்தலுக்கு முந்தைய வார இறுதியில் பூத் பொறுப்பாளர்களிடம், டேலிக்குப் போடும் ஓட்டு வாஷிங்டனுக்குப் போடும் ஓட்டு, இது இன விவகாரம் என்று பேசினார். பேச்சு செய்தித்தாளில் வந்துவிட்டது. பர்னிடம் மிச்சமிருந்த கறுப்பின வாக்காளர்களும் அதைப் படித்தார்கள்!

ஆனால் ஓட்டுப் பிரிவு பாதிக் கதைதான். முந்தைய ஆண்டில் நடந்த வாக்காளர் பதிவு இயக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய வாக்காளர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், பதிவு செய்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் எதிரணி எத்தனை துண்டாக உடைந்தாலும் 36 வந்திருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் ஏப்ரல் 12-இல் வரலாறே காண்டோர்சே சோதனை மாதிரி ஒன்றை நடத்திக் காட்டியது. அன்று நடந்த மேயர் தேர்தலில் வாஷிங்டனுக்குக் குடியரசுக் கட்சியின் பெர்னார்ட் எப்டனுடன் கிட்டத்தட்ட நேரடிப் போட்டி. வழக்கமாக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடும் வெள்ளையர்கள் பலர் எப்டன் பக்கம் தாவினார்கள். வாக்குப்பதிவு 80 சதவீதத்தைத் தாண்டியது. வாஷிங்டன் சுமார் 48,000 ஓட்டு வித்தியாசத்தில், 51.7 சதவீதத்துடன் ஜெயித்தார். சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் அவர். 1987 பிரைமரியில் பர்னையும் நேருக்கு நேர் தோற்கடித்தார். அதற்குள் நான்கு வருஷம் மேயராக இருந்துவிட்டார் என்பதால், அதை வைத்து 1983-க்குத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

விதியும் பிறகு மாறியது. 1999 முதல் கட்சி அடையாளம் இல்லாத மேயர் தேர்தல். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறு சுற்று. ஆனால் முதல் சுற்றில் ஓட்டு பிரிவதை இது தடுக்காது. 2019-இல் 14 பேர் நின்றார்கள், 17.5 சதவீதத்துடன் லோரி லைட்ஃபுட் முதலிடம், மறு சுற்றில் 50 வார்டுகளிலும் வெற்றி. 2023-இல் முதல் சுற்றில் பால் வாலஸ் சுமார் 33, பிராண்டன் ஜான்சன் 22-க்கும் கீழே. பதவியில் இருந்த லைட்ஃபுட் மூன்றாமிடம் வந்து வெளியேறினார். அதிகம் வாங்கியவரே வெற்றி என்ற விதி இருந்திருந்தால் வாலஸ் அன்றே ஜெயித்திருப்பார். மறு சுற்றில் ஜெயித்தது ஜான்சன்.