கற்பூரவள்ளி இலை தோலில் செய்யும் வேலை

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து மொட்டைமாடிகளில் கற்பூரவள்ளித் தொட்டியைச் சாதாரணமாகப் பார்க்கலாம். சளி பிடித்தால் கஷாயம், மழை நாளில் பஜ்ஜி. அதே இலையின் சாறு இப்போது சோப்பிலும் க்ரீமிலும் சேர்கிறது. உண்மையிலேயே அது தோலுக்கு ஏதாவது செய்யுமா?

செய்யும். ஆனால் எந்தச் சாறு, எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இலையை உருப்பெருக்கியில் பாருங்கள். மேலே மெல்லிய ரோமம். அதனிடையே மினுக்கும் நுண்சுரப்பிகள். கசக்கினால் அவை உடைந்து ஓம வாசனை வருகிறது. ஓமத்தில் இருப்பது தைமால் என்ற வாசனைப் பொருள். கற்பூரவள்ளி எண்ணெயில் தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும் உண்டு. இரண்டிலும் 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். கார்பன் வளையத்தில் ஓ-ஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதி ஒட்டியிருக்கும் இடம் மட்டும்தான் வேறு.

அந்த ஓ-ஹெச் தொகுதிக்கு இரண்டு வேலை. காசிமேட்டில் வெயிலில் நின்று மீன் விற்பவரின் தோலில் புற ஊதாக் கதிர் படும்போது, இணையில்லா எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை தோலின் கொழுப்பையும், அதற்கு உறுதி தரும் புரதமான கொலாஜனையும் சங்கிலித்தொடராகத் தாக்கும். ஓ-ஹெச் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை அடக்கிவிடுகிறது. மிஞ்சும் எலெக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி அமைதியாகிவிடுவதால் சங்கிலி அங்கேயே அறுகிறது. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: டிபிபிஹெச் என்ற கத்தரிப்பூ நிறக் கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாக வெளுக்கும்.

இரண்டாவது வேலை கிருமியிடம். கார்வக்ரால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைந்து அதைத் தளர்த்துகிறது. வெளியே நிற்க வேண்டிய புரோட்டான்கள் (நேர்மின் துகள்கள்) உள்ளே கசிகின்றன. மேல்தொட்டியில் ஓட்டை விழுந்தால் குழாயில் அழுத்தம் இறங்குவதுபோல, செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்றுபோகிறது. தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இதற்கு மசியும். சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியா அவ்வளவு லேசில் மசியாது.

சாறு எடுக்கும் முறை முக்கியம். கற்பூரவள்ளியின் உறவுச் செடிகளான துளசி, புதினா, ரோஸ்மேரி ஆகியவற்றில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் வெந்நீரிலும் ஆல்கஹாலிலும் இறங்கும். 1958-இல் ரோஸ்மேரியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். அலையும் மூலக்கூறுகளை அடக்கும் நல்ல ஆன்டிஆக்சிடன்ட், ஆனால் நீரில் கரையும் பொருள் என்பதால் தோலின் மேலடுக்கைத் தாண்ட அதற்குச் சிரமம். எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மூலக்கூறான கார்வக்ரால் சுலபமாக இறங்கிவிடும். அதனாலேயே அளவு கூடினால் எரிச்சலும் தரும். சோதனைக் குழாயில் நிறம் மாறியதை வைத்து, முகச் சுருக்கம் போய்விடும் என்று விளம்பரம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இடையில் தோல் இருக்கிறது.

வீட்டில் அரைத்த விழுதைப் பாட்டிலில் அடைத்து வாரக்கணக்கில் பூசுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதில் தண்ணீர் அதிகம், கார்வக்ரால் கொஞ்சம்தான். சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சைக்கு அது நல்ல தீனி. அன்று அரைத்ததை அன்றே பூசுங்கள்; முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, மறுநாள் வரை சிவக்கிறதா என்று பாருங்கள். துளசியிலுள்ள யூஜினால் என்ற வாசனைப் பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பாவில், கழுவாமல் விடும் க்ரீமில் அது 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயரைப் போட்டாக வேண்டும்.