'உயிர்வாழும் திகில்' அல்ல, பிழைப்புத் திகில்

போன வாரம் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். யூடியூபில் ஒரு தமிழ் கேம் விமர்சனம். நல்ல பையன். ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பான், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே, "இது ஒரு உயிர்வாழும் திகில் விளையாட்டு" என்றான். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எது உயிர்வாழ்கிறது? திகிலா? அதற்கு ஆதார் அட்டை இருக்கிறதா?

அவன் சொல்ல வந்தது சர்வைவல் ஹாரர். பயமுறுத்துகிற இடத்தில் மாட்டிக்கொண்டு, கடைசிவரை சாகாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய வீடியோ கேம் வகை. சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, கடந்து. 'விவெரே' என்றால் வாழ்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சர்வைவ்' ஆயிற்று. 'ஹாரர்' என்பதும் லத்தீன்தான். மயிர் குத்திட்டு நிற்பது, உடம்பு நடுங்குவது. நாம் மயிர்க்கூச்செறிதல் என்கிறோமே, அதேதான். இரண்டையும் ஒட்டி ஓர் ஆட்டவகைக்குப் பெயராகப் பரப்பியது ஜப்பானின் கேப்காம் நிறுவனம், 1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் மூலம். அதற்கு முன்பே 1989-இல் ஸ்வீட் ஹோம், 1992-இல் அலோன் இன் த டார்க் என்று இதே சாயலில் ஆட்டங்கள் உண்டு. பெயர்தான் பிறகு வந்தது.

'திகில்' பற்றி எனக்குச் சண்டை இல்லை. காட்பாடியைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் 'திகுலு' என்று கவலைக்கும் கலக்கத்துக்கும் சொல்வார்கள். கன்னடத்தில் 'திகிலு' அச்சமேதான். பக்கத்து வீட்டிலெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கிற சொல், இருந்துவிட்டுப் போகட்டும். தூய தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் 'அச்சம்' என்று வைத்துக்கொள்ளலாம். தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று கணக்கே கொடுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ரெசிடென்ட் ஈவிலில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும்போது நாற்காலியிலிருந்து எகிறிய எல்லாருக்கும் இரண்டாவது வகை அனுபவமாகியிருக்கும்.

என் சண்டையெல்லாம் முதல் பாதியோடுதான்.

'உயிர்வாழும் திகில்' இலக்கணப்படியே இடறுகிறது. 'ஓடும் ரயில்' என்றால் ஓடுவது ரயில். 'குரைக்கும் நாய்' என்றால் குரைப்பது நாய். 'சாப்பிடும் அறை' என்றால் அறை சாப்பிடவில்லையே என்று கேட்பீர்கள். சரி, அறை ஓர் இடம். அங்கே உட்கார்ந்து யாரோ சாப்பிடுகிறார்கள் என்று மனசு தானாகப் புரிந்துகொள்ளும். திகில் இடமுமில்லை, கருவியுமில்லை. அதனால் 'உயிர்வாழும்' என்ற பெயரெச்சம் நேரே போய்த் திகிலின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவனுக்குச் சாகாவரம் பெற்ற ஏதோ பூதம் ஞாபகம் வருகிறது. இதைச் சரிசெய்வதாக நினைத்து 'உயிர்வாழ்தல் திகில்' என்று எழுதுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். உயிரோடு இருப்பதே திகிலாக இருக்கிறது என்கிறதா அது? தத்துவப் புத்தகத்துக்கு வைக்கலாம், கேமுக்கு வைக்க முடியாது.

இலக்கணத்தை விடுங்கள், பொருளே பிசகு. நான் இருப்பது வேலூர். நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வைத்தியத்துக்கு ஆட்கள் வந்து இறங்குகிற ஊர். சித்தப்பாவைச் சேர்த்திருந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். வங்காளியில், இந்தியில், தெலுங்கில், மலையாளத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். தமிழில் அந்தக் கேள்வி "பொழைச்சுக்குவாரா?" என்பதுதான். "உயிர்வாழ்வாரா டாக்டர்?" என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. பத்தாம் நாள் வெளியே வந்த நர்ஸம்மா, "பொழைச்சுட்டாரு, போய் டீ குடிங்க" என்றார். அங்கே நடந்ததற்குப் பெயர்தான் சர்வைவல்.

வாழ்தல் வேறு, பிழைத்தல் வேறு. தமிழன் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. "எப்படி வாழ்ந்த குடும்பம் தெரியுமா" என்பதில் இருக்கிற செழிப்பு, "ஏதோ பொழப்பு ஓடுது" என்பதில் இல்லை. மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்திலும் சர்வைவல் முறை ஒன்று இருக்கிறது. அதில் வீடு கட்டலாம், கோதுமை போடலாம், கோழி வளர்க்கலாம். அதை வேண்டுமானால் வாழ்தல் என்று சொல்லுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன்.

வேறு சில வரவுகளும் உண்டு. தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் 'எஞ்சுதிகில்' என்று வைத்தார். வினைத்தொகை, ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சியது என்றதும் எனக்கு ராத்திரி மீந்த சாம்பார்தான் நினைவுக்கு வருகிறது. 'உயிர்தப்பும் திகில்' கொஞ்சம் தேவலை, ஆனால் பெயரெச்சக் கோளாறு இதிலும் தொற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு தப்புவது ஒரு நொடி வேலை. பஸ் இடிக்க வந்தது, விலகினேன், தப்பினேன். இந்த ஆட்டங்கள் அப்படி நொடியில் முடிகிறவை அல்ல.

அப்புறம் 'பிழைப்புத் திகில்'. யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து முதலில் நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிழைப்பு என்றால் சோற்றுக்கான வழி. வட்டிக்காரன் கதவைத் தட்டும் கதையா இது? சிரித்ததை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காரணம் என் மாமா.

அக்கா வீட்டுக்காரர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். நான் பழைய ரெசிடென்ட் ஈவிலை ஆடிக்கொண்டிருந்தேன். "இன்னா மச்சான், சுடாம நின்னுகினே கீற?" என்றார். "நாலு குண்டுதான் மாமா இருக்கு. இவனைச் சுட்டா அடுத்த ரூமுக்கு இல்லாமப் போயிடும்" என்றேன். "சரி, நிறுத்திட்டு வந்து சோறு துன்னு." "ஆட்டத்தைச் சேவ் பண்ணணும் மாமா. அதுக்கு டைப்ரைட்டர் ரிப்பன் வேணும். ஒண்ணுதான் இருக்கு, இப்பவே செலவு பண்ண மனசு வரல." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "இன்னாடா இது, மாசக் கடைசிப் பொயப்பாட்டம் கீது."

எங்கள் பக்கத்தில் 'ஆட்டம்' என்றால் 'போல'. மாமா சொன்னது, மாசக் கடைசிப் பிழைப்பு மாதிரி இருக்கிறது என்று. என் காதில் விழுந்ததோ வேறு ஆட்டம். பிழைப்பு ஆட்டம்! அடச்சே, இவ்வளவு நாளாகத் தேடிய சொல் இதுதானே என்றிருந்தது.

இந்த வகையின் உயிர்நாடி பேயும் இல்லை, பிணமும் இல்லை. பற்றாக்குறைதான். ரெசிடென்ட் ஈவிலில் நாம் ஆடுவதற்கு இரண்டு பாத்திரங்கள்: கிறிஸ் கையில் ஆறு பொருள், ஜில் கையில் எட்டுப் பொருள், அவ்வளவுதான் கொள்ளும். மூலிகையை எடுத்தால் சாவியை விடவேண்டும். 2010-இல் வந்த அம்னீசியாவில் ஆயுதமே கிடையாது. கைவிளக்குக்கான எண்ணெயை அளந்து அளந்து எரிக்க வேண்டும், இருட்டில் நின்றால் புத்தி பேதலிக்கும். 2022-இல் வந்த சிக்னாலிஸ், ஜெர்மனியில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது; அதிலும் பொருள் வைத்துக்கொள்ள ஆறு கட்டம்தான். இதை மதிப்பிட உட்காருகிறவன் முதலில் பார்க்க வேண்டியது பேய் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்பதை அல்ல, ஆட்டம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதை. குண்டு கொட்டிக் கிடந்தால் அது வெறும் சுடும் ஆட்டம். 'பிழைப்பு' என்று பெயர் வைத்துவிட்டால் இந்த அளவுகோல் பெயருக்குள்ளேயே இருக்கும். 'உயிர்வாழும்' என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை.

'பிழை' என்றால் தவறும் ஆயிற்றே என்று கேட்பார்கள். ஆமாம். 'தப்பு'வும் அப்படித்தான், தவறும் அதுவே, தப்பிப்பதும் அதுவே. குறளில் 'யானை பிழைத்த வேல்' என்று வருகிறது. குறி தவறிய வேல் என்று பொருள். வேலுக்கு அது பிழை, யானைக்கு அது பிழைப்பு. ஒரே சொல் இரண்டு பக்கத்தையும் பார்த்து நிற்கிறது. பேய் உங்களைப் பிடிப்பதில் பிழைத்தால் நீங்கள் பிழைத்தீர்கள். இந்த வசதி லத்தீனுக்குக் கிடையாது.

அந்தப் பையனை மட்டும் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? அகராதியைப் பார்த்தோ மிஷினிடம் கேட்டோ பெயர்க்கிறவர்கள் ஒரு தடவையாவது அந்த ஆட்டத்தை ஆடிப் பார்ப்பதில்லை. கடைசியில் வரும் பெரிய எதிரியை ஆங்கிலத்தில் 'பாஸ்' என்பார்கள்; அதை 'இறுதி முதலாளி' என்று ஓரிடத்தில் படித்தேன். 'முதலாளியைத் தோற்கடித்தால் அடுத்த நிலை.' ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை வாசலில் ஒட்டினால் பரபரப்பாக விற்கும். பார்ட்டி கேமை, நாலு பேர் சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆடும் ஓவர்குக்ட் மாதிரியானதை, 'கட்சி விளையாட்டு' என்று போட்டிருந்தார்கள். எந்தக் கட்சி, கூட்டணி உண்டா என்றெல்லாம் சொல்லவில்லை. கேஷுவல் கேம் 'தற்செயல் விளையாட்டு' ஆகியிருந்தது. அரசு அலுவலகத் தற்செயல் விடுப்பிலிருந்து எடுத்திருப்பார்கள்போல. சும்மா ஆடுகிற ஆட்டத்துக்குச் 'சும்மா ஆட்டம்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பார்ட்டிக்குக் 'கும்மாள ஆட்டம்' போதும். தாயமும் கேரமும் ஆடுகிற வீட்டில் கத்தல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

சிக்னாலிஸ் பற்றி எழுதியதில் துணிந்து 'பிழைப்புத் திகிலாட்டம்' என்றே போட்டுவிட்டேன். சத்துவாச்சாரி நண்பன் ஒருவன் படித்துவிட்டுப் போன் செய்தான். "இன்னாடா, ஈ.எம்.ஐ. பத்தின கேமா?" என்றான். இல்லை, ஆறு கட்டத்துக்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்கிற கேம் என்றேன். "அதத்தான்டா நானும் கேட்டேன்" என்றான்.