மயங்காமல் விழும் ஆடு: ஒற்றைத் தசையிழைக்குள் அயனிகளின் கணக்கு

திடுக்கிட்டதும் கால்கள் விறைத்துச் சாய்ந்து விழும் ஆடுகளின் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர், அவை உண்மையிலேயே மயங்குகின்றனவா என்று கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஆட்டினம் அது. ‘மயங்கும் ஆடு’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும் அதற்கு நினைவு தப்புவதில்லை. சுருங்கிய தசை சில நொடிகளுக்குத் தளர மறுப்பதால் மட்டுமே அது விழுந்து கிடக்கிறது. நரம்பை வெட்டி, நரம்பின் ஆணை தசையை எட்டாதபடி குராரே நஞ்சைக் கொடுத்த பிறகும் இந்த விறைப்பு தோன்றுவதை பிரௌன், ஹார்வி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1939இல் காட்டினார்கள். ஆகவே கோளாறு தசையிழையின் சவ்வில்தான் இருக்க வேண்டும்.

தசையிழைக்கு வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்கும் என்பது பள்ளிப்பாடம். தவளையின் இழையில் சோடியம் வெளியே லிட்டருக்கு 120 மில்லிமோல், உள்ளே 10 அளவில். பொட்டாசியம் உள்ளே 140, வெளியே வெறும் 2.5. தசையைச் சுருங்கவைக்கும் மின் துடிப்பு வரும்போது சோடியம் உள்ளே பாய்கிறது, அடுத்து பொட்டாசியம் வெளியேறுகிறது, பிறகு சவ்விலுள்ள பம்பு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்கிப் பழைய நிலையை மீட்கிறது.

ஒரு துடிப்புக்கு எவ்வளவு சோடியம் நுழைகிறது? உடலியங்கியல் ஆய்வாளர்களான ஹாட்ஜ்கினும் ஹோரோவிட்சும் தவளைத் தசையிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, கதிரியக்கச் சோடியத்தைக் கொண்டு இதை அளந்து 1959இல் வெளியிட்டார்கள். சவ்வின் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15.6 பிக்கோமோல் (ஒரு பிக்கோமோல் என்பது மோலில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) சோடியம் உள்ளே வருகிறது, 9.6 பிக்கோமோல் பொட்டாசியம் வெளியே போகிறது. நூறு மைக்ரோமீட்டர் பருமனுள்ள இழைக்கு இதைக் கணக்கிட்டால், ஒரு துடிப்பால் உள்ளிருக்கும் சோடியம் உயர்வது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பொட்டாசியத்தின் இழப்போ முப்பதாயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. அவ்வளவு பெரிய களஞ்சியத்துக்கு இது ஒரு பிடி நெல்.

ஆனால் அந்தப் பிடி நெல் எங்கே கொட்டப்படுகிறது என்பதில்தான், என்னைப் பொறுத்தவரை, உடலியங்கியலின் மிக அழகிய இடம் இருக்கிறது. அதே இருவரும் 1960இல் இன்னொரு விந்தையைக் கண்டார்கள். இழையைச் சூழ்ந்த கரைசலில் பொட்டாசியத்தைக் கூட்டினால் சவ்வின் மின்னழுத்தம் உடனே மாறியது. குறைத்தாலோ, பழைய நிலைக்கு மெதுவாகவே திரும்பியது. கழுவிய பிறகும் பொட்டாசியம் எங்கோ தங்கியிருக்கிறது என்றும், அந்த இடம் இழையின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானது என்றும் அவர்கள் ஊகித்தார்கள். சவ்வு இழைக்குள் குழிந்து நுழைந்து உருவாக்கும் மிகமெல்லிய குறுக்குக் குழல்களே அந்த இடம். மின்னணு நுண்ணோக்கியில் அளந்தபோது அவற்றின் கொள்ளளவு இழையில் 0.3 விழுக்காடு அளவில் இருந்தது. வெளியேறும் பொட்டாசியத்தில் கால் பங்கு இந்தக் குழல்களுக்குள் சேர்வதாக வைத்துக்கொண்டால், ஒரே துடிப்பில் அங்குள்ள 2.5 மில்லிமோல் 2.8 ஆகிவிடும். உள்ளே கணக்கில் வராத அளவு இங்கே பத்தில் ஒரு பங்குக்கும் மேலான மாற்றம்! துடிப்புகள் தொடர்ந்தால் பொட்டாசியம் மேலும் மேலும் தேங்கி, சவ்வை அடுத்த துடிப்பின் விளிம்புக்குத் தள்ளும்.

நம் தசைகள் அப்படித் தாமாகத் துடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குளோரைடு. பாலூட்டிகளின் தசைச்சவ்வு ஓய்வாக இருக்கும்போது, அதன் மின்கடத்தலில் ஐந்தில் நான்கு பங்கு குளோரைடு வழியாகவே நடக்கிறது. குழல்களில் பொட்டாசியம் சற்றுத் தேங்கினாலும் சவ்வின் மின்னழுத்தம் அசையாதபடி அது நங்கூரமாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஆடுகளின் தசையில் குளோரைடுக் கடத்தல் மிகக் குறைவு என்று பிரையன்ட் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஏட்ரியன் என்ற இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து 1974இல் அவர் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. கிளிசரால் கலந்த கரைசலில் இழையை ஊறவைத்துப் பின் அதை நீக்கினால், குறுக்குக் குழல்கள் மேற்சவ்விலிருந்து அறுபட்டுப்போகும். அவ்வாறு செய்ததும், ஆட்டின் இழையில் துடிப்புத் தொடருக்குப் பின் எஞ்சி நின்ற மின்னழுத்த மாற்றம் மறைந்தது. குழலில் தேங்கிய பொட்டாசியமே காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

இதே கோளாறு மனிதருக்கும் உண்டு. தாம்சன் என்ற மருத்துவர் 1876இல் தம்மிடமும் தம் குடும்பத்தாரிடமும் கண்டு எழுதிய நோய் அது; இறுகப் பற்றிய கையை உடனே விரிக்க முடியாது. தவளையின் ஒற்றை இழையை ஆராய்ந்தவர்கள் எந்த நோய்க்கும் மருந்து தருவதாக வாக்களிக்கவில்லை. ‘உடனடிப் பயன் என்ன’ என்று கேட்டே நிதியை முடிவு செய்யும் குழுக்கள் அவர்களைத் திருப்பியனுப்பியிருக்கும் என்பது என் வருத்தமான எண்ணம். இன்று இந்த நோயாளிகளுக்குத் தரப்படும் மெக்சிலெட்டின் என்ற மருந்து, சவ்வில் குளோரைடு கடந்து செல்லும் பழுதான வாயிலைத் தொடுவதேயில்லை. அடிக்கடி திறக்கும் சோடியம் வாயில்களில் அமர்ந்துகொண்டு, தொடர்துடிப்புகளை மட்டும் அது அடக்குகிறது.